கடைசிப் பதினாறு பக்கம்

சேசு மரி சூசை துணை

அய்ன் தூத்
ஜூலை 27, ஞாயிறு, பூசை முடிஞ்சு வந்து

அன்பு மக யோலாவுக்கு அத்தை வர்தே ஆசீர்வாதத்தோட எழுதிக்கிறது. இங்க நானும் உங்கப்பனும் பதினோரு கோழியும் மாதா புண்ணியத்துல சொகமா இருக்கோம், என் முழங்காலு மட்டும் சொகமில்ல, அது சொகமா இருந்தாத்தான் ஆச்சரியம். அங்க நீயும் நிஸாரும் எப்படி இருக்கீங்க, அந்த ஊருல வெயிலுன்னு ஒண்ணு வந்துச்சா இல்லியா. இந்தக் காலத்துல யாரு கடுதாசி எழுதுறா, போனுல சொல்லக் கூடாதான்னு நீ கேப்பே. நம்ம வீட்டுல சிக்னலு கெடைக்கிறது ஒரே ஒரு ஜன்னல்ல, அந்த ஜன்னலுக்குக் கீழதான் உங்கப்பன் நாற்காலி. நான் உன்கிட்ட பேச ஆரம்பிச்சா அவன் பேப்பரைத் தூக்கி மூஞ்சிய மறைச்சுக்குவான், ஆனா நான் பேசி முடிக்கிற வரைக்கும் ஒரு பக்கம் திருப்ப மாட்டான், அவ்வளவும் காதுல ஏறிக்கிட்டு இருக்கும். அதுவும் இல்லாம இதோட ஒரு சாமான் வெச்சு அனுப்புறேன், அது போனு வழியாப் போவாது. நம்ம பங்குச்சாமியாரு குருப்பட்டம் வாங்குறதுக்கு முந்திப் பெத்த மக ஜோர்ஜெத் லீவு முடிஞ்சு வியாழக்கெழமை மாண்ட்ரியலுக்குத் திரும்புறா, அவ கையில குடுத்து விடுறேன். உறை பிரிச்சிருந்தா பிரிச்சது அவதான், வேற யாரையும் சந்தேகப்படாத.

போன வாரம் கேட்டியே, மூணு வாரம் லீவுக்கு என்ன புஸ்தகம் எடுத்துட்டு வரட்டும் அத்தைன்னு. கேட்டது சந்தோஷம், ஆனா அதுக்கு அப்புறம் சொன்னியே அதுதான் எனக்கு நெஞ்சுல முள்ளாக் குத்திக்கிட்டு கெடக்கு. நிஸாரை இங்கயே விட்டுட்டு நான் மட்டும் வர்றேன், அப்பா எப்படியும் எங்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசப் போறதில்ல, தடிமனா ரெண்டு மூணு புஸ்தகம் இருந்தா அதைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டே நாளை ஓட்டிடுவேன்னு சொன்னே. அப்பனுக்குப் பேப்பரு, மகளுக்குப் புஸ்தகம், நடுவுல நான் காப்பித் தட்டைத் தூக்கிக்கிட்டு யாரு மூஞ்சியப் பாத்து நீட்டுறது. ரெண்டு மதத்துக்காரங்க பதிவு பண்ணிக்க நம்ம நாட்டுல வழியில்லன்னு சைப்ரஸுக்குப் பறந்து போயி அங்க மேயரு முன்னாடி கையெழுத்துப் போட்டு ஒரு திரிப்போலி முஸ்லிம் பையனைக் கட்டிக்கிட்டேன்னு நீ சொன்ன அன்னிக்கு மூடின வாயை உங்கப்பன் மூணு வருஷமா உன் விஷயத்துல தொறக்கல. உன் பேரும் இல்ல, அந்தப் பையன் பேரும் இல்ல. மார்ச் மாசம் ஸ்லைமான் பெரியப்பா செத்தப்ப கோயில் கதவுல ஒட்டின நோட்டீசை எழுதிக் குடுத்தது உங்கப்பன்தான், வாத்தியாராச்சே. குடும்பத்துல இருக்குற அத்தனை மருமகன் பேரும் வந்துச்சு, பிரேசில்ல இருக்கான்னு சொல்றாங்களே, இன்னிக்கு வரைக்கும் யாரும் கண்ணால பாக்காத அந்த மருமகன் வரைக்கும். உன் பேருக்குப் பக்கத்துல மட்டும் வெத்து எடம். ஊரே கண்ணாடி போட்டுக்கிட்டு வந்து அந்த வெத்து எடத்தைத்தான் படிச்சுது, செத்தவரை யாரும் கண்டுக்கல.

சரி, புஸ்தகத்துக்கு வர்றேன். அங்கருந்து ஒண்ணும் தூக்கிட்டு வராத. வர்றப்ப என் முழங்காலுக்குத் தைலமும் சாமியாருக்கு வைட்டமின் மாத்திரையும் கொண்டா, புஸ்தகத்துக்கு இங்க பஞ்சமே இல்ல. ஆகஸ்டுல நம்ம ஊருக்கு வர்ற எல்லாரும் பண்றதுதானே, திரும்பிப் போற அன்னிக்குப் பெட்டி மூட மாட்டேங்குதுன்னு மேல ஏறிக் குடும்பமே உக்காந்து, அப்புறம் பாதி படிச்ச புஸ்தகத்தை உருவி வெளிய போட்டுட்டு அந்த எடத்துல இன்னொரு பை ஸாத்தர் மசாலாப் பொடியைத் திணிச்சுக்கிட்டு ஓடுறாங்க. செப்டம்பர் மாசம் நான் கூடையை எடுத்துக்கிட்டு வீடு வீடாப் போயிப் பொறுக்கிட்டு வருவேன். இருபத்தஞ்சு வருஷமாப் பொறுக்கினதுல இப்ப சாமான் ரூம்ல முன்னூறுக்கு மேல இருக்கு, தக்காளி விழுது ஜாடிக்கும் அத்திப்பழ ஜாமுக்கும் நடுவுல. கன்னியாஸ்திரீங்ககிட்ட ஆறாவது வரைக்கும் படிச்சவ, மடத்துலயும் சேரல கல்யாணமும் கட்டல, உன்னை வளத்தது போக மிச்ச நேரத்துக்கு என்ன பண்ணுவேன், படிச்சுத் தள்ளினேன். நல்லதும் படிச்சேன் கண்றாவியும் படிச்சேன். எல்லாத்துலயும் பூண்டு வாசம் அடிக்கும், கண்டுக்காத. ஆறு புஸ்தகம் எடுத்துத் தனியா வெச்சிருக்கேன், ஒரே மாதிரி ஆறு இல்ல, ஒரே மாதிரி படிச்சா ஒரே கறியைத் தெனமும் தின்ன மாதிரி, பாதியில வயித்தைப் பொரட்டிடும். எதை எப்பப் படிக்கணும்னு சொல்றேன்.

நீ வந்து எறங்கின அன்னிக்கு சொந்தக்காரங்க மொத்தமும் வந்து சுவரோரமா வரிசையா உக்காந்து உன் வயித்தைப் பாப்பாங்க. அன்னிக்கு மடியில வனவாசி சாமியாரோட சரித்திரத்தை வெச்சுக்கோ, பச்சை அட்டை, முன்னாடி ஒளிவட்டம் போட்ட தாடி. அதைப் பாத்தா எவளுக்கும் விசேஷம் உண்டான்னு கேக்க வாய் வராது. அட்டைக்காகத்தான் சொல்றேன்னு நெனைக்காத, உள்ளயும் சரக்கு இருக்கு. அவரு நாப்பது வருஷம் குகையில தபசு இருந்தாருன்னு பிரசங்கத்துல கேட்டிருக்கோம், புஸ்தகத்துல பாத்தா நாப்பது வருஷமும் மடத்துத் தலைவரோட ஒரு ஆட்டுக்காகச் சண்டை போட்டிருக்காரு. ஆடு என்னுது, இல்ல மடத்துது, கடுதாசி மேல கடுதாசி. ஆடு எப்பவோ செத்துப் போச்சு, கடுதாசி நிக்கல. நடுவுல நேரம் கெடைச்சப்ப நாலஞ்சு அற்புதமும் பண்ணி வெச்சிருக்காரு. படிச்சப்புறம் எனக்கு அவரு மேல பக்தி கூடித்தான் போச்சு, இந்த மாதிரி ஆளுக்கு மோட்சத்துல எடம் உண்டுன்னா நம்ம குடும்பத்துக்கும் ஏதாவது மூலையில உண்டு.

காலையில மொட்டை மாடியில கோதுமை காய வெச்சுட்டுக் குருவி வெரட்டுறது இந்த வருஷம் உன் வேலை. அதுக்கு டெலிபோன்காரி புஸ்தகம், ஒவ்வொரு அத்தியாயமும் ஒண்ணரைப் பக்கம்தான், எழுந்து கை தட்டிட்டு வந்து உக்காரலாம். முப்பது வருஷம் எக்சேஞ்சுல உக்காந்து மாவட்டமே பேசினதை ஒட்டுக் கேட்டவ, பேரை மட்டும் மாத்தி எல்லாத்தையும் எழுதிட்டா. பேரை மாத்தி என்ன, பல்லு எடுப்பா ரெண்டு வீடு வெச்சிருந்த நகராட்சித் தலைவருன்னா நமக்குத் தெரியாதா. எம்பத்து மூணாம் பக்கத்துல ஒருத்தி செருப்புக்கடைக்காரனுக்குத் தெனமும் போன் போட்டு மணி என்னன்னு கேப்பா, அது உங்க ஜமீலா பெரியம்மாதான்னு நான் சொல்றேன், அவ இல்லவே இல்லங்கிறா, ஆனா அந்தப் புஸ்தகத்தை ரெண்டு தடவை எடுத்துட்டுப் போயித் தொலைச்சுட்டேன்னு சொல்லிட்டா, நானும் ரெண்டு தடவையும் அவ மெத்தைக்கு அடியிலருந்து எடுத்துட்டு வந்துட்டேன்.

மத்தியானம் பசி நேரத்துல சமையல் சிஸ்டர் எழுதின புஸ்தகம். அதுல மணிக்கணக்கு இருக்காது, எல்லாம் செபக்கணக்கு. கத்திரிக்காய் வதங்க மூணு அருள் நிறைந்த மரியே, பருப்பு வேக ஒரு முழு செபமாலை, பாகு பதம் வர ஒரு விசுவாசப் பிரமாணம். நம்ம சாமியாரோட சம்சாரம் அஃபாஃப் அதைப் பாத்துச் சமைச்சா, அவ செபத்தை ரயிலு ஓட்டுற மாதிரி ஓட்டுவா, அவ வீட்டுல இன்னிக்கும் எல்லாம் அரைவேக்காடு. சாப்பிட்டுப் படுக்குறப்ப பேக்கரிக்காரன் மச்சான் அர்ஜென்டினாவுலருந்து அச்சடிச்சு அனுப்பின பாட்டுப் புஸ்தகம், ஐநூறு பக்கம், ஊரை நெனைச்சு அழுகை. எல்லா வீட்டுலயும் நாலு நாலு கெடக்கு, சாமியாரு வீட்டு அலமாரியே அது மேலதான் நிக்குது. அவ்வளவு அழுதவரு ஒரு தடவை வந்தாரு, தண்ணி இல்ல கரண்டு இல்லன்னு மூணாம் நாளே கெளம்பிட்டாரு. ஆனா எரநூத்திப் பன்னெண்டாம் பக்கத்தைத் தவற விடாத, மேட்டுல ஏற மாட்டேன்னு நின்ன ஒரு கோவேறு கழுதையைப் பத்திப் பாடியிருக்காரு, அந்த மனுஷன் எழுதினதுல அது ஒண்ணுதான் நெசம், அதைப் படிச்சு நான் அழுதுட்டேன். அஞ்சாவது பழுப்புக் காயிதம் போட்டு மூடின காதல் கதை. அதைத் தலகாணிக்கு அடியில வெச்சிருக்கேன். அதைப் பத்தி இங்க எழுத மாட்டேன், ஜோர்ஜெத் படிப்பா. நாலாம் அத்தியாயம்.

ஆறாவது உனக்கில்ல. அது என்னன்னு சொல்றேன், கொஞ்சம் நிதானமாப் படி, மொத்த விஷயமும் அதுலதான் இருக்கு. அது ஒரு துப்பறியும் கதை. பனி மூடிப் போன மலை ஓட்டல்ல ஒரு பட்டு வியாபாரி குளிக்கிற தொட்டியில செத்துக் கெடப்பாரு, உள்ள மாட்டிக்கிட்டது ஒரு டாக்டரு, ஒரு விதவை, பியானோ வாசிக்கிறவன், தோட்டக்காரன், நாலு பேரு. இந்த ஊருல படிக்கத் தெரிஞ்ச எல்லாரும் அதைப் படிச்சாச்சு, யாரு கொன்னதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது, ஏன்னா கடைசிப் பதினாறு பக்கம் இல்ல. கறிக்கடை தொன்னி டாக்டருங்கிறான். அஃபாஃப் விதவைதான்னு அடிச்சுச் சொல்றா, ஏன்னு கேட்டா துக்கத்துல இருக்குறவளுக்கு இடுப்பு அவ்வளவு தெரியக் கூடாதுங்கிறா. அந்தப் பக்கமெல்லாம் எங்க போச்சுன்னா, எங்கிட்டதான் இருக்கு, கிழிச்சவளே நான்தான். அஞ்சு வருஷத்துக்கு முந்தி, நம்ம சபையில தபசுகாலம் தொடங்குற சாம்பல் திங்கக்கெழமைக்கு மொத நாளு. தபசுகாலம் முடியுற வரைக்கும் கதைப் புஸ்தகம் தொடுறதில்லன்னு நான் வருஷா வருஷம் மாதாவுக்குப் பொருத்தனை வெப்பேன், உனக்குத் தெரியும். அன்னிக்குப் பாத்து பதினாறு பக்கம் பாக்கி இருக்குறப்ப கோயில் மணி அடிச்சுட்டான். முழுப் புஸ்தகம் வீட்டுல கெடந்தா நான் விடிய முந்தி படிச்சு முடிச்சு நரகத்துக்குப் போயிடுவேன்னு எனக்கே தெரியும், அதனால கடைசியை மட்டும் கிழிச்சு மாதா சுரூபத்துக்கு அடியில வெச்சு அவளையே மேல நிக்க வெச்சுட்டேன், தாயே நீயே காவலுன்னு. அந்தத் தபசுகாலம் முழுக்க நான் எவ்வளவு பக்தியா அவ காலைப் பாத்துச் செபம் சொன்னேன்னு ஊரே மெச்சுச்சு. உயிர்ப்புத் திருநாள் பூசை முடிஞ்சு ஒருத்தருக்கும் வாழ்த்து சொல்லாம ஓடி வந்து படிச்சேன். திரும்ப ஒட்டி வைக்கிறதுக்குள்ள ஜமீலா புஸ்தகத்தை எடுத்துட்டுப் போயிட்டா, அவகிட்டருந்து தொன்னி, தொன்னிகிட்டருந்து அஃபாஃப். ஊருல கட்சிச் சண்டை போட்டுக்கிட்டு இருந்தவங்கெல்லாம் இந்தச் சண்டைக்கு வந்துட்டாங்க, நல்லதுதானேன்னு விட்டுட்டேன். சாமியாருகிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொன்னேன். அஞ்சு புள்ளையப் பெத்துட்டு அப்புறம் குருப்பட்டம் வாங்கின மனுஷன், லேசுல அதிர மாட்டாரு, அபராதம் ஒரு செபமாலைன்னாரு, அப்புறம் தொண்டையைக் கனைச்சுக்கிட்டு டாக்டருதானேன்னு கேட்டாரு. நான் சொன்னேன், சாமி, நீங்க கேட்டதை நீங்க வெளிய சொல்லக் கூடாது, நான் படிச்சதை நான் வெளிய சொல்ல மாட்டேன்.

இப்ப உங்கப்பனுக்கு வர்றேன். கதை படிக்கிறவன் ஒலிவத் தோட்டம் இல்லாத வேலையத்தவன்னு வாழ்நாளெல்லாம் சொன்னவன். இந்த மாசம் நம்ம தெரு ஜெனரேட்டரு கெட்டுப் போயி நாலு நாளு டிவி இல்ல ஒண்ணும் இல்ல. ஈ அடிக்கத்தான் அந்தப் புஸ்தகத்தைக் கையில எடுத்தான், சத்தியமாச் சொல்றேன், அடிச்ச ஈ அட்டையில இன்னும் இருக்கு. அப்புறம் பாத்தா அளவுகோலை வரிக்குக் கீழ வெச்சுக்கிட்டு, பென்சிலோட, பரீட்சைப் பேப்பரு திருத்துற மாதிரி படிக்கிறான். மூணாம் நாளு சாமான் ரூம் வாசல்ல வந்து நின்னு மீதி எங்கன்னு கேட்டான். கெடைச்சப்பவே இல்லன்னு சொல்லிட்டேன். ரெண்டு நாளு பல்வலிக்காரன் மாதிரி நடந்தான். கோயில் காணிக்கை உறைக்குப் பின்னாடி நாலு பேரு பேரையும் எழுதி ஒவ்வொருத்தரா அடிச்சான், அப்புறம் அடிச்சதை அழிச்சான். முப்பது வருஷமா புள்ளைங்களை ஊகம் பண்ணாதே, கடைசி வரைக்கும் படின்னு அடிச்சவன் தொன்னி கடையில கறி வாங்கப் போயி ஒரு மணி நேரம் தோட்டக்காரன் கையுறையைப் பத்திச் சண்டை போட்டுட்டுக் கறி வாங்காம வந்தான்.

போன செவ்வாக்கெழமை நான் பீன்ஸுக்கு நார் எடுத்துக்கிட்டு இருக்கேன், எதிர்ல வந்து உக்காந்தான். அக்கா, நீ படிச்சிருக்கே, உன் மூஞ்சியிலயே தெரியுது, சொல்லுன்னான். அக்கான்னு கூப்புட்டு எத்தனை வருஷம் ஆச்சு, காரியம் ஆகணும்னா எல்லாம் ஞாபகம் வருது பாரு. சொல்லத்தான் வாயைத் தொறந்தேன். அப்பத்தான் நீ தனியா வர்றேன்னு சொன்னது நெனைப்பு வந்துச்சு. மாதா பக்கம் ஒரு தடவை திரும்பிப் பாத்தேன், அவ எதுவும் சொல்லல, சரின்னு எடுத்துக்கிட்டேன். எனக்கு வயசாயிப் போச்சு தம்பி வதீ, மறந்துடுச்சு, முழுசாப் படிச்ச ஆளு ஒருத்தருதான் இருக்காரு, நம்ம நிஸாருன்னு சொல்லிட்டேன். அவனும் நாலு பீன்ஸை எடுத்து ஒடிச்சான். அப்புறம், லிஃப்டு ரிப்பேரு பண்றவனுக்குப் புஸ்தகத்தைப் பத்தி என்ன தெரியும்னான். ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டிக்கிட்டா வேற என்ன பண்ணுவான், படிப்பான்னு நான் சொன்னேன். முடிவைச் சொல்லுவானாமான்னு கேட்டான். போனுல சொல்ல மாட்டானாம், நேர்ல கேட்டாத்தான்னு சொன்னேன். எழுந்து போயிட்டான், நான் எடுத்து வெச்ச நாரைப் போட வேண்டிய எடத்துல பீன்ஸைப் போட்டுட்டுப் போனான்.

ஆக, புரிஞ்சுதா. நான் சொன்னது பொய்யில்ல, கொஞ்சம் முந்திக்கிட்ட நெசம். அதை முழு நெசமாக்குறது இனி உங்க பொறுப்பு. புஸ்தகத்தையும் இதோட வெச்சிருக்கேன், உங்கப்பன் தேடினான், சாமியாரு வாங்கிட்டுப் போனாருன்னு சொன்னேன், சாமியாரும் பூசை முடிஞ்சு அவனைப் பாத்து ஆமான்னு தலையாட்டிட்டாரு, அவருக்கும் முடிவு தெரியணுமே. பதினாறு பக்கம் தனி உறையில ஒட்டி நிஸாரு பேரு எழுதியிருக்கேன். அதை நீ படிக்காத கண்ணு, என் மேல ஆணை. உனக்குத் தெரிஞ்சா உன் மூஞ்சி அப்படியே சொல்லிடும், உங்கப்பன் உன்னைக் கேட்டு வேலையை முடிச்சுக்குவான், அந்தப் பையன் பக்கம் திரும்ப மாட்டான். நிஸாரு மட்டும் படிக்கட்டும், வியாபாரி செத்ததுலருந்து ஆரம்பிச்சு ஒழுங்காப் படிக்கட்டும், உங்கப்பன் குறுக்குக் கேள்வி கேப்பான், அவன் பள்ளிக்கூடத்துல அப்படித்தான். ஏர்போர்ட்டுலயே உளறிட வேணாம்னு சொல்லு. இவரே, ஏம்ப்பா, இந்தாப்பான்னு கூப்புட்டா காது கேக்காத மாதிரி காப்பியக் குடிக்கட்டும். நிஸாரேன்னு பேரைச் சொல்லிக் கேட்டா அப்ப சொல்லட்டும். பேரைச் சொல்ற வரைக்கும் கொலைகாரன் வெளிய வரக் கூடாது. வேற மதத்துப் பையன் உன் வீட்டுக்கு வர இவ்வளவு தந்திரம் பண்றியே வர்தேன்னு மாதா கேட்டா அதை நான் அவகிட்ட பேசிக்கிறேன், அவளுக்கும் ஒரு புள்ளை இருந்துச்சு, அதுவும் வீட்டுல கேட்டுக்கிட்டு எதையும் பண்ணல.

ஒரு டிக்கெட்டு போட்டிருக்கேன்னு சொன்னியே, போயி ரெண்டாவதையும் போடு, யோசிச்சுக்கிட்டு உக்காந்திருக்காத. ஆகஸ்டு பதினஞ்சு மாதா திருநாளுக்கு முந்தி வந்து சேருங்க, அன்னிக்கு ஊரே கோயில் முத்தத்துல கறியும் கோதுமையும் போட்டு ஹரீஸா கிண்டுது, நிஸாருக்குத் தோளு பலமா இருந்தா ராத்திரி கிண்டுறவங்க வரிசையில அவன் பேரையும் எழுதிடுறேன். மாதா உங்க ரெண்டு பேரையும் தன் முந்தானைக்குள்ள வெச்சுக் காப்பாத்தட்டும், வானத்துல கெழக்கு மேக்கு மாறாமக் கொண்டாந்து எறக்கட்டும், ரெண்டு பேரு தலையிலயும் கை வெச்சு ஆசீர்வாதம். முழங்கால் தைலத்தை மறந்துடாத, பச்சை மூடி போட்டது, செவப்பு மூடி எரியுது.

இன்னொண்ணு. நேத்து நான் செபத்துக்குப் போயிட்டு வந்தா உங்கப்பன் மேல் ரூம்ல ரெண்டாவது கட்டிலைக் கொண்டாந்து போட்டிருக்கான். யாருக்குன்னு நான் கேக்கல, அவனும் சொல்லல. ஒண்ணை இந்தச் சுவரோரமும் ஒண்ணை அந்தச் சுவரோரமுமாப் போட்டு, நடுவுல அந்தப் பெரிய துணிப்பெட்டியையும் இழுத்து வெச்சிருக்கான். இருக்கட்டும், நீங்க வந்த அன்னிக்கு அவன் கீழ காப்பி குடிச்சுக்கிட்டு இருக்குறப்ப நானும் ஜமீலாவும் மேல போயி நகத்திடுறோம்.

இப்படிக்கு,
உன் அத்தை,
வர்தே